கூரையில் எழுதியது

பிலின் ஆற்றுக்குக் கிழக்கே
ஒரு தகரக் கூரைமேல் ஏறி
எட்டடி உயரத்தில்
‘மருத்துவமனை’ என்று
பர்மிய எழுத்தில் எழுதச் சொன்னார்கள்.
தேநீர்க் கடைக்கும் லாட்டரிக் கடைக்கும்
பலகை எழுதிய கை இது.
வானத்துக்கு எழுதிப் பழக்கமில்லை.

ஏணியைப் பிடித்திருந்த தாதி நோ ஏ போ
“பெரிசா எழுதுங்க ஊ ஸா மின்,
மேலேயிருந்து படிக்கிறவன்
அவசரத்தில் இருப்பான்” என்றாள்.

(அடையாள அட்டையில் ஊ ஸா மின்.
வீட்டில் உருமநாதன்.
சோதனைச் சாவடியில்
எந்தப் பெயரைக் கேட்கிறார்களோ அந்தப் பெயர்.)

எழுதி முடித்து
எதிர்க்குன்றின் பகோடாப் படியில் நின்று
பார்த்தபோதுதான் உறைத்தது:
பர்மிய எழுத்து முழுக்க வட்டம்.
முதல் எழுத்தில் இரண்டு
கடைசி எழுத்தின் தலையில் ஒன்று.
குறி பார்க்க வாகாய்
நானே வரைந்து கொடுத்திருக்கிறேன்.

அழித்துவிடவா என்றேன்.
“எழுதாத கூரைமேலும்தான் விழுகிறது” என்றாள்.

உண்மைதான்.
போன மாதச் சந்தைக்குக்
கூரையே கிடையாது.
கருவாடு விற்ற செங்கமலத்தின்
தராசுத் தட்டு ஒன்று
இரண்டு நாள் கழித்து
மூங்கில் புதரில் கிடைத்தது.
மறு தட்டைத் தேடி
அவள் புருஷன் இன்னும் போகிறான்.

ஊர் இரண்டுபட்டால்
கூத்தாடிக்குக் கொண்டாட்டமாம்.
இங்கே கூத்தாடியும்
மூட்டை கட்டி எல்லை தாண்டிவிட்டான்.

மனு எழுதினோம்.
நூற்றுப் பதினான்கு கைநாட்டு.
‘ஆழ்ந்த கவலை’ என்று பதில் வந்தது.
‘உள்நாட்டு விவகாரம்’ என்றும் ஒரு வரி.
அடி வாங்கும் பெண்ணின் அலறல்
சுவர் தாண்டி வரும்போது
பக்கத்து வீட்டுக்காரன்
வானொலியின் சத்தத்தைக் கூட்டி வைத்துச் சொல்வது
இதே வரிதான்.

வெளியாள் வரவேண்டும் என்கிறேன்.
யார் சொல்வது பார்.
நாலு தலைமுறை ஆகியும்
‘கலா’ என்று, கடல் தாண்டி வந்தவன் என்று,
என்னை வாசலில் நிறுத்தும் ஊரில்
இன்னும் சில வெளியாட்களை அனுப்புங்கள் என்று
நான் கேட்கிறேன்.

வாத்தியார் சிரித்தார்:
“நீலத் தொப்பிக்காரர்கள்
பார்த்துக்கொண்டே நின்ற ஊர்களும் உண்டு.
அவர்கள் முன்னாலேயே வெட்டினார்கள்.”
உண்டு வாத்தியாரே. மறுக்கவில்லை.
சும்மா நிற்பதற்கு அவர்கள் வரவேண்டாம்.
குறுக்கே நிற்கும் அதிகாரத்தோடு வரட்டும்.
அப்படியும், பார்க்க ஒருவன் நின்றால்
கை ஓங்கியவன்
ஒரு நொடி திரும்பிப் பார்ப்பான்.
அந்த ஒரு நொடியில்
ஆற்றைக் கடக்க
என் ஊருக்குத் தெரியும்.

முகாமில் தண்ணீர்க் குழாயடியில்
இரண்டு பையன்கள்
கட்டிப் புரண்டார்கள் நேற்று.
மூன்றாவது ஒருத்தன், ஒன்பது வயதிருக்கும்,
நீல நிறப் பிளாஸ்டிக் கிண்ணத்தைத்
தலையில் கவிழ்த்துக்கொண்டு
நடுவில் போய் நின்றான்.
எங்கே பார்த்தானோ, யார் கைப்பேசியிலோ.
முதல் குத்து அவன் தோளில்தான் விழுந்தது.
நகரவில்லை.
இரண்டாவது குத்து வரவில்லை.
பெரியவர்கள் நாங்கள்
பானையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டோம்.

கூரைக்குப் பூசியதுபோக
வெள்ளைப் பெயிண்ட் கொஞ்சம் மிச்சமிருந்தது.
கிண்ணத்தோடு வந்து நின்றான்.
‘யூ என்’. இரண்டே எழுத்து.
நான் எழுதியதிலேயே சின்னப் பலகை.
வட்டமில்லாத எழுத்து என்பதில்
எனக்கொரு நிம்மதி.

ஈரம், தொடாதே என்றேன்.
கேட்கவில்லை.
அப்படியே கவிழ்த்துக்கொண்டு
ஓடிவிட்டான்,
குழாயடியில் மறுபடி சத்தம்.